வயதைக் கேட்டு எழுதும் தீர்ப்பு

மலேசியாவின் உலு சிலாங்கூர் மாவட்டத்தில், கோலா குபு பாருவிலோ, அதைச் சுற்றியுள்ள ராசா, பத்தாங் காலி, கெர்லிங், கலும்பாங் ஊர்களிலோ, கிளம்ப மறுக்கும் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறவரிடம் பெரும்பாலும் கேட்கப்படும் முதல் கேள்வி: “வாங்கி எத்தனை வருஷம் ஆச்சுண்ணே?” எட்டு, பத்து என்று பதில் வந்துவிட்டால் விசாரணை அத்தோடு முடிந்தது. திரையில் என்ன எழுத்து வந்தது, பீப் சத்தம் எத்தனை முறை கேட்டது, விசிறி சுற்றியதா, முந்தின நாள் இடி இடித்ததா என்பதெல்லாம் பேச்சிலேயே வருவதில்லை. “போர்டு போயிருக்கும். இதுக்குச் செலவு பண்றது வீண். புதுசு எடுத்துருங்க.”

கடைக்காரரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. வீட்டுப் பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி ஆசிரியர் எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். பழைய கணினி கிளம்பவில்லை என்றால் அதன் ஆயுள் முடிந்தது என்பது இன்று ஊரறிந்த உண்மையாகிவிட்டது. அது உண்மையல்ல. அதை நம்புவதால் இழப்பது யார் என்று பார்த்தால், அந்த நம்பிக்கையைச் சும்மா விட்டுவிடவும் முடியாது.

எதிர்த்தரப்பின் வாதத்தை முழு பலத்தோடு முதலில் வைத்துவிடலாம். பழைய கணினிக்கு உதிரிப்பாகம் தேடுவது சிரமம். ஒன்றைச் சரி செய்தால் அடுத்த மாதம் வேறொன்று கெடும். பழுது பார்ப்பவரின் ஒரு மணி நேரக் கூலியே கணினியின் இன்றைய மதிப்பைத் தாண்டிவிடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் எட்டாம் தலைமுறை இன்டெல் செயலியும் பழைய பெட்டிகளில் இல்லை. அவசர வேலைகளுக்குக் கைப்பேசி இருக்கிறது. பிறகு எதற்கு இந்தப் போராட்டம்?

இவற்றில் பல கூற்றுகள் தனித்தனியே சரியானவை. ஆனால் “இந்தப் பெட்டி இன்று காலை ஏன் கிளம்பவில்லை?” என்ற கேள்விக்கு இவற்றில் ஒன்றுகூடப் பதில் இல்லை. காரணம் தெரியாதவரை செலவு எவ்வளவு என்று தெரியாது. செலவு தெரியாதவரை “செலவு வீண்” என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் இல்லை. மொத்த வாதமும் இந்த ஓட்டையின் மேல்தான் நிற்கிறது.

1. பிழைச்செய்தியை மரணச் சான்றிதழாக வாசிப்பது ஏன்? 1981இல் வந்த ஐபிஎம் பிசி காலத்திலிருந்தே கணினி தன்னைத் தானே சோதித்துக்கொண்டுதான் எழுகிறது. மின்சாரம் வந்ததும் பயாஸ் என்ற தொடக்க நிரல் விழிக்கிறது. செயலி, நினைவகம், திரை அட்டை, விசைப்பலகை என்று வரிசையாகத் தொட்டுப் பார்க்கிறது. பிறகு வட்டைத் தேடுகிறது, வட்டின் தொடக்கத்தில் இருக்கும் சிறு நிரலை ஏற்றுகிறது, அந்த நிரல் விண்டோஸை எழுப்புகிறது. எந்தப் படியில் நின்றதோ அந்தப் படியின் பெயரைத்தான் செய்தி சொல்கிறது.

ஆகவே செய்திகள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை. திரையே வராமல் பீப் மட்டும் கேட்டால் சிக்கல் வட்டில் இல்லை. பயாஸ் அதைத் தேடும் கட்டத்துக்கே வரவில்லை. பழைய அவார்ட் பயாஸில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குட்டை ஒலியும் வந்தால் அது திரை அட்டையைக் காட்டுகிறது. ‘டிஸ்க் பூட் ஃபெயிலியர்’ அல்லது ‘ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால், செயலியும் நினைவகமும் போர்டும் தங்கள் சோதனையில் தேறிவிட்டன என்று அர்த்தம். “போர்டு போயிருக்கும்” என்பவர் திரையில் எழுதியிருப்பதற்கு நேர் எதிராகப் பேசுகிறார். எக்ஸ்பி கணினிகளில் ‘என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்’ என்று வந்தபோது, பல சமயம் காரணம் முதல் நாள் செருகிவிட்டு எடுக்க மறந்த பென்டிரைவ்தான். பெட்டி அதிலிருந்து கிளம்பப் பார்த்து, தேடிய கோப்பு அதில் இல்லாததால் நின்றுவிட்டது. பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு மீண்டும் பொத்தானை அழுத்த ஒரு காசும் செலவில்லை.

2. வயதுதான் காரணம் என்றால் இளம் கணினிகள் ஏன் செத்தன? 2000களின் தொடக்கத்தில் குறைபாடுள்ள மின்தேக்கிகள் உலகம் முழுக்கப் போர்டுகளில் ஏறின. உள்ளே இருந்த திரவம் வாயுவாகி மேல்தட்டு உப்பி, பழுப்பாகக் கசிந்து, இரண்டு மூன்று ஆண்டே ஆன கணினிகள் கிளம்பாமல் போயின. டெல் நிறுவனம் 2005இல் தன் ஆப்டிபிளெக்ஸ் வகைப் பழுதுகளுக்காகச் சுமார் 30 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. அதே காலத்தில் நல்ல மின்தேக்கி போட்டு வந்த பெட்டிகள் பத்தாண்டு தாண்டியும் ஓடின. தேய்ந்து போகும் உறுப்புகள் கணினியில் சிலதான்: சுழலும் வட்டு, விசிறி, மின்தேக்கி, பொத்தான் பேட்டரி. வயதைக் கேட்பதில் தவறில்லை. வயதைக் கேட்டவர் இந்த நான்கில் எது தேய்ந்தது என்று அடுத்துப் பார்க்க வேண்டும். கேள்வியோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு.

3. சில வெள்ளி பேட்டரி ஒன்று எத்தனை கணினிகளைக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறது? போர்டில் ஒரு பொத்தான் பேட்டரி உட்கார்ந்திருக்கும். சிஆர் 2032 என்று அதன் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். அழுத்தம் 3 வோல்ட். மின்சாரத்தை அணைத்த பிறகும் கடிகாரத்தை ஓட வைப்பது அதன் வேலை. பழைய போர்டுகளில் பயாஸ் அமைப்புகளை நினைவில் வைத்திருப்பதும் அதுதான். சில ஆண்டுகளில் அது தீர்ந்து போவது இயல்பு.

தீர்ந்தால் முதலில் ‘சிமோஸ் செக்சம் எரர்’, ‘எஃப்1 அழுத்தித் தொடரவும்’ என்ற வகைச் செய்தி வரும். வீட்டில் யாரோ எஃப்1ஐ அழுத்துவார்கள், கணினி ஓடும். தேதி மட்டும் பல ஆண்டு பின்னால் போயிருக்கும். அந்தத் தேதியோடு இணையத்துக்குப் போனால், வங்கித் தளமும் மின்னஞ்சலும் பாதுகாப்பில்லை என்று உலாவி கதவைச் சாத்தும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அந்தத் தேதியில் செல்லாதவை. “வைரஸ் புகுந்துருச்சு” என்ற முதல் தவறான முடிவு இங்கே பிறக்கிறது.

இரண்டாவது முடிவு இன்னும் மோசமானது. பேட்டரி தீர்ந்ததும் பயாஸ் தன் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பும். வட்டோடு பேசும் முறை ஏஎச்சிஐ என்று இருந்தது ஐடிஇ என்று மாறிவிடலாம். அப்போது விண்டோஸ் தன் சொந்த வட்டையே அடையாளம் காண முடியாமல், 7பி என்று முடியும் குறியீட்டோடு நீலத்திரை காட்டி நிற்கும். மீண்டும் மீண்டும் போட்டாலும் அதே நீலத்திரை. வட்டும் நலம், விண்டோஸும் நலம். பயாஸுக்குள் போய் ஒரே ஒரு வரியைப் பழையபடி மாற்றி, புது பேட்டரி போட்டால் வேலை முடிந்தது. ஆனால் “விண்டோஸ் கெட்டுப்போச்சு, பார்மட் பண்ணணும்” என்றோ, “ஹார்டு டிஸ்க் போச்சு” என்றோ தீர்ப்பு வந்துவிடுகிறது. பார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினால், அது புதிய அமைப்புக்கு ஏற்றபடி உட்கார்ந்து ஓடவும் செய்யும். அதனால் பார்மட்தான் மருந்து என்ற நம்பிக்கை இன்னும் உறுதியாகிறது. உண்மையான காரணமான பேட்டரி மட்டும் அங்கேயே தீர்ந்து கிடக்கிறது.

4. கணினியைக் கெடுத்தது இந்த ஊரின் வானம் என்றால், புதுக் கணினிக்கு வேறு வானமா இருக்கிறது? உலகில் இடி அதிகம் விழும் பகுதிகளில் தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையும் ஒன்று. மலையடிவாரத்தில் இருக்கும் உலு சிலாங்கூரில் பிற்பகல் இருட்டினால் என்ன வரும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மின்னல் நேராக வீட்டில் விழ வேண்டிய அவசியமும் இல்லை. மின்கம்பி வழியாகவோ, செம்புத் தொலைபேசிக் கம்பி வழியாகவோ வரும் திடீர் அழுத்தமே போதும். ஸ்ட்ரீமிக்ஸ் இணையச் சேவையின் காலத்தில் தொலைபேசிக் கம்பி, மோடம், நெட்வொர்க் கேபிள் என்று அதற்கு நேர் வழி இருந்தது. இழைக்கம்பிக்கு மாறிய வீடுகளில் அந்தப் பாதை அடைபட்டது; மின்கம்பிப் பாதை அப்படியே இருக்கிறது.

இப்படி வரும் அழுத்தம் பெரும்பாலும் முதலில் அடிப்பது பவர் சப்ளையை. பெட்டியில் உயிரே இல்லை, விசிறிகூட அசையவில்லை என்றால் பார்க்க வேண்டிய முதல் இடம் அதுதான். நான்கு திருகுகளில் கழன்று வரும் தனி உறுப்பு அது. கடையில் இருக்கும் வேறொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்த்தால் சில நிமிடங்களில் விடை தெரியும். அதன் உள் மூடியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது; மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

ஈரக்காற்றும் அப்படித்தான். நினைவக (ரேம்) அட்டையின் தொடுமுனைகளில் மெல்லிய படலம் படிந்தால் கணினி பீப் ஒலியோடு நின்றுவிடும். மின்சாரத்தைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் முனைகளை மெதுவாகத் துடைத்து, இரு பக்கமும் ‘கிளிக்’ என்று பூட்டும்படி அழுத்தி மாட்டினால் கிளம்பிவிடும் பெட்டிகள் ஏராளம். மண்சாலைப் புழுதி விசிறியை அடைத்தால் செயலி சூடேறி, கிளம்பிய சில நிமிடங்களில் அணைந்துபோகும். வெதுவெதுப்பைத் தேடி எறும்பும் பல்லியும் பெட்டிக்குள் குடியேறுவது தோட்டப்புறத்தில் யாருக்கும் புதிய செய்தியல்ல.

காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பெட்டியை மட்டும் மாற்றுகிற குடும்பம், அதே சுவர்ப்புள்ளியில், அதே எர்த் இல்லாத நீட்டிப்புக் கம்பியில், அதே சன்னலோரத்தில் புதுக் கணினியை வைக்கிறது. எர்த் சரியில்லாத வீட்டில் மின்னல் காப்புச் செருகி தன் வேலையை முழுமையாகச் செய்யாது. அந்தச் செருகிக்குள் இருக்கும் உறுப்பும் அடி வாங்கி வாங்கி நாளடைவில் தேய்ந்துவிடும். இதையெல்லாம் சரி செய்யாமல் வாங்கும் புதுக் கணினி, பழையது பட்ட அடியையே பட வாங்கப்படுகிறது.

5. “பார்ட்ஸ் கிடைக்காது” என்பதைச் சோதித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? மேசைக் கணினி பொது அளவுகளின்படி செய்யப்பட்டது. பவர் சப்ளைக்கும் போர்டுக்குமான ஏடிஎக்ஸ் அளவை இன்டெல் 1995இல் வெளியிட்டது. வட்டுக்கான சாட்டா இணைப்பு 2003இல் வந்தது. இன்று வாங்கும் சாட்டா வகை எஸ்எஸ்டி வட்டு பதினைந்து ஆண்டுப் பழைய பெட்டியிலும் மாட்டும். கோலா குபு பாரு, ராசா, பத்தாங் காலி, செரண்டா நிலையங்களில் கொம்யூட்டர் ரயில் நிற்கிறது. கோலாலம்பூர் போய் லோ யாட் பிளாசாவில் பொருளை வாங்கிக்கொண்டு ஒரே நாளில் திரும்பலாம். இல்லையென்றால் வீட்டு வாசலுக்கே வரவழைக்கலாம். மடிக்கணினியில் இந்த வசதி குறைவு என்பது உண்மை. அதிலும் ரேம், வட்டு, பேட்டரி ஆகிய மூன்றும் பழைய வகைகளில் கழற்றி மாட்டக்கூடியவையே. பழைய மடிக்கணினிகளில் இருந்த இந்த வசதி புதியவை பலவற்றில் இல்லை. ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பிரான்சு 2021 முதல், மடிக்கணினி உள்ளிட்ட சாதனங்களை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்ற மதிப்பெண்ணை விற்பனையிடத்திலேயே காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. அப்படியொரு மதிப்பெண் இங்கே இருந்தால், ‘புதுசு எடுத்துருங்க’ என்ற அறிவுரை கடையில் இவ்வளவு சுலபமாக வாயில் வராது.

கைவிட வேண்டிய கணினியே கிடையாது என்று இந்த மறுப்பு சொல்லவில்லை. மின்தேக்கிகள் உப்பிய போர்டு, கருகல் வாசம் வந்த போர்டு, வேறு பவர் சப்ளையும் வேறு ரேமும் மாட்டிய பிறகும் அசையாத போர்டு ஆகியவற்றுக்கு விடை கொடுக்கலாம். பழைய கோலா குபுவே கைவிடப்பட்ட ஊர்தான். 1883இல் அணை உடைந்து, மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங் உள்ளிட்டோர் உயிரிழந்தார்கள். பிறகும் ஊர் அதே இடத்தில்தான் பல பத்தாண்டு நீடித்தது. வெள்ளீயச் சுரங்க மண் ஆற்றில் படிந்து படுகை உயர்ந்துகொண்டே போனது, வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது, இனி அங்கே வாழ முடியாது என்று தெரிந்த பிறகே 1930ஐ ஒட்டி, சார்லஸ் ரீட் வரைந்த தோட்ட நகரத் திட்டப்படி இன்றைய கோலா குபு பாரு எழுந்தது. ஓர் ஊரைக் கைவிடுவதற்கு முன்னால் காரணம் தெரிந்திருந்தது. ஒரு கணினிக்கும் அந்த அளவு கேட்பது அதிகமல்ல.

6. பாதுகாப்பைக் காட்டிப் பயமுறுத்துவது கேள்வியை மாற்றும் வேலை. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலில் நின்றது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில் நின்றது. அந்த இரண்டும் ஓடும் பெட்டியில் வங்கிக் கணக்கைத் திறக்கவே கூடாது. இதில் சமரசம் இல்லை. ஆனால் பாதுகாப்பு இல்லாமல் போனது மென்பொருளுக்கு. பெட்டி அதோடு சாகவில்லை. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்டே அறிவித்தது. அதற்குப் பிறகும் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் இருக்கிறது. 2 ஜிபி ரேமில் அது கிளம்பும், 4 ஜிபியில் வசதியாக ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். கல்வியமைச்சின் டெலிமா தளத்துக்கு ஓர் உலாவி போதும். ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி அதிலிருந்தே கணினியைக் கிளப்பிப் பார்ப்பது நல்ல சோதனையும்கூட: பென்டிரைவில் ஓடினால் போர்டும் ரேமும் நலம், சிக்கல் வட்டிலோ விண்டோஸிலோ இருக்கிறது. “போர்டு போச்சு” என்ற தீர்ப்பை அரை மணி நேரத்தில் சரிபார்க்கும் இந்த வழி இலவசமாகக் கிடைக்கும்போது, சோதிக்காமல் தீர்ப்புச் சொல்வதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

7. “இந்தக் காலத்தில் கணினி என்ன அபூர்வமா?” ஆம், பல வீடுகளில் அபூர்வம்தான். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடியபோது, கல்வியமைச்சு பெற்றோரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. 36.9 விழுக்காடு மாணவர்களிடம் எந்த மின்னணுச் சாதனமும் இல்லை என்று அது காட்டியது. மடிக்கணினியோ மேசைக் கணினியோ வைத்திருந்தவர்கள் சிறுபான்மை. பலர் கைப்பேசியின் சின்னத் திரையிலேயே கணக்கும் அறிவியலும் படித்தார்கள். 1,50,000 மடிக்கணினிகளை மாணவர்களுக்குக் கொடுக்கச் செர்டிக் திட்டம் வந்தது. அந்த நேரத்தில் வீட்டு மூலையில் ‘போர்டு போன’ பெட்டி ஒன்று துணி மூடிக் கிடந்த குடும்பத்துக்கு, அது உண்மையில் போன பெட்டியா, பேட்டரி தீர்ந்த பெட்டியா என்ற கேள்வி பிள்ளையின் ஒரு கல்வியாண்டு சம்பந்தப்பட்ட கேள்வி.

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாகி, லயத்திலிருந்து பத்தாங் காலித் தாமான்களுக்கும் புக்கிட் செந்தோசாவுக்கும் வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. சுமாரான புது மடிக்கணினி ஒன்று அதை ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடும். தவணையில் எடுத்தால் வட்டியோடு அதைத் தாண்டிப் போகும். சோதித்துப் பார்க்காமல் “புதுசு எடுத்துருங்க” என்று சொல்வது, ஒரு மாதச் சம்பளத்தை எடுத்து வை என்று சொல்வது. அதைச் சொல்கிறவர் பெட்டியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

தூக்கிப் போட்ட பெட்டியும் காற்றில் கரைந்துவிடுவதில்லை. ஐக்கிய நாடுகள் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட கணக்குப்படி 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு. மலேசியாவில் இது எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில், கட்டுப்பாட்டுக்குள் வரும் கழிவு. பழைய இரும்பு வாங்க வரும் லோரியில் ஏறும் பெட்டிக்குள் ஈயப்பற்று இருக்கிறது, வீட்டின் வட்டும் இருக்கிறது.

8. அந்த வட்டில் இருப்பதற்கு யார் விலை போட்டார்கள்? பெட்டியின் மதிப்பை ஐம்பது வெள்ளி, நூறு வெள்ளி என்று கணக்கிடுகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வீட்டுப் படங்கள் கைப்பேசிக்கும் மேகச் சேமிப்புக்கும் போவதற்கு முன்னால், டிஜிட்டல் கேமராவில் எடுத்தவை எல்லாம் தங்கிய இடம் வீட்டுக் கணினி. இன்று செம்பனை நிற்கும் இடத்தில் இருந்த லயத்தின் படம், தோட்டத்துக் கோயில் திருவிழாவின் வரவு செலவு, பள்ளி ஆண்டுமலருக்குத் தட்டெழுதிய கட்டுரை என்று எதுவும் அதில் இருக்கலாம். 1985இல் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கிய நாடு இது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன்பே மலேசியத் தமிழர் வீடுகளில் கணினித் தமிழ் புழங்கிவிட்டது. அந்தக் காலக் கோப்புகள் பழைய எழுத்துரு முறைகளில் இருப்பதால், இன்றைய கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். மாற்றிகளைக் கொண்டு அவற்றை யூனிகோடுக்குக் கொண்டுவர முடியும். கோப்பு கையில் இருந்தால்தான் முடியும்.

“பார்மட் பண்ணிடலாம்” என்ற வார்த்தைக்கு வாடிக்கையாளர் தலையாட்டும் முன் செய்ய வேண்டியது இது: வட்டைக் கழற்றச் சொல்ல வேண்டும். யூஎஸ்பி கேபிளில் மாட்டி வேறு கணினியில் திறந்து, கோப்புகளை முதலில் நகலெடுக்கச் சொல்ல வேண்டும். வட்டிலிருந்து ‘கடக் கடக்’ என்று சத்தம் வந்தால் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க விடக் கூடாது. ஒவ்வொரு முறையும் இழப்பு கூடும். அதற்குப் பிறகு பேட்டரி, ரேம், பவர் சப்ளை, பென்டிரைவ் லினக்ஸ் என்ற வரிசையில் சோதித்து, எது கெட்டிருக்கிறது என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லலாம். எழுதித் தர மறுக்கும் கடையிலிருந்து பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அடுத்த கடைக்குப் போகலாம்.